தண்ணீரும் மின்சாரமும் இல்லாத இடத்தில் கழிப்பறை: நாறாமல் வைக்க முடியுமா?

கேள்வியின் சாரம் இது. மலையடிவாரத்தில் சாலை முடியும் இடத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து 4 கி.மீ. ஏறினால் காட்சிமுனை. குழாய்த் தண்ணீர், மின்சாரம், சாக்கடை எதுவும் கிடையாது. விடுமுறை நாளில் 300 பேர் வரை வருகிறார்கள். தண்ணீரே ஊற்றாத கழிப்பறை வைத்தால் நாறிப் போகாதா? வைப்பதென்றால் எந்த வகையை வைப்பது?

நாறாமல் வைக்க முடியும், அது பெரிய வித்தையும் இல்லை. ஆனால் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: உள்ளே விழுவதை யார், எந்த வழியாக, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கப் போகிறார்கள்? விற்பனைக்காரர்கள் இதைக் கடைசியில்தான் பேசுவார்கள், சிலர் பேசவே மாட்டார்கள். தண்ணீர் ஊற்றும் கழிப்பறையில் கழிவு குழாய் வழியாக எங்கோ போய்விடுகிறது, அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தண்ணீரை எடுத்துவிட்டால் அந்தச் சுமை மனிதர்கள் தலையில் வந்து விழும். அதற்கு ஆளும் வழியும் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கழிப்பறை வைத்தாலும் இரண்டே வருடத்தில் பூட்டுத்தான் தொங்கும்.

முதலில் நாற்றத்தைப் பார்த்துவிடலாம், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான்.

சிறுநீர் உடம்பை விட்டு வரும்போது அவ்வளவாக நாறாது. அதில் கரைந்திருப்பது யூரியா. மலத்தில் வாழும் பாக்டீரியாக்களிடம் யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்ததும் யூரியா உடைந்து அமோனியா கிளம்புகிறது. கழிப்பறைக்குள் நுழைந்தவுடன் கண் எரிவது அதனால்தான். குவியல் சொதசொதவென்று காற்றுப் புகாமல் கிடந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்ளும், அழுகிய முட்டை வாடை அது. இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு: காற்றைச் சரியான திசையில் ஓட வைப்பது, அல்லது சிறுநீரையும் மலத்தையும் கலக்கவே விடாமல் இருப்பது. வாசனைத் திரவம் மூன்றாவது வழி இல்லை. நாற்றத்தோடு மல்லிகை வாடையும் சேர்ந்தால் குமட்டல்தான் கூடும்.

காற்று விஷயத்தைத் தீர்த்து வைத்ததில் அமெரிக்க வனத்துறைக்குப் பெரிய பங்கு உண்டு. கலிஃபோர்னியாவில் சான் டிமாஸ் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பிரையர் குக் என்பவர் 1990 வாக்கில், முகாம்களில் உள்ள தொட்டிக் கழிப்பறைகள் ஏன் நாறுகின்றன என்று ஆராய்ந்து ஒரு வடிவமைப்பு முறையை எழுதி வைத்தார். அங்குள்ள காட்டுப் பூங்காக்களில் நிற்கும் கான்கிரீட் கழிப்பறைகள் பெரும்பாலும் அந்த முறையைப் பின்பற்றியவைதான். அடியில் காற்றுப் புகாத தொட்டி. அதற்கு இரண்டே திறப்புகள்: உட்காரும் துவாரம் ஒன்று, கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாய் ஒன்று. குழாய் குறைந்தது 300 மி.மீ. விட்டம், கறுப்பு நிறம், கூரையின் உச்சியைவிட 90 செ.மீ.யாவது உயரம். வெயிலில் குழாய் சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று மேலே எழும். குழாயின் வாயைத் தாண்டி வீசும் காற்றும் உள்ளிருப்பதை உறிஞ்சும். அறைச் சுவரில் உள்ள திறப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து, துவாரத்தில் இறங்கி, தொட்டியைக் கடந்து, குழாயில் ஏறிப் போய்விடும். உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு நாற்றம் வரவே வழி இல்லை.

கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். “நன்றாகக் காற்று வரட்டும்” என்று நான்கு சுவரிலும் ஜன்னல் வைப்பார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப் பக்கம் வெளியேறும்போது அறைக்குள் அழுத்தம் குறைந்துவிடும். அப்போது தொட்டிக்குள் இருக்கும் வாயு துவாரம் வழியாக மேலே வரும். அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினாலும் இதே கதைதான். மின்விசிறி மாட்ட வேண்டுமென்றால் அதை மாட்டும் இடம் காற்றுக்குழாய், அறை இல்லை. ஆக, சுவர்த் திறப்பு வழக்கமாகக் காற்று வீசும் பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். கட்டடத்தை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதும் அதை வைத்தே முடிவாகும். பெரிய மரத்தின் நிழலில் குழாய் நின்றால் வெயிலும் கிடைக்காது, காற்றும் கிடைக்காது. தொட்டியைக் காலி செய்யும் மூடியின் ரப்பர் விளிம்பு இற்றுப்போனால் அந்த வழியாக வெளிக்காற்று புகுந்து, அறையிலிருந்து இறங்க வேண்டிய காற்று இறங்காமல் நின்றுவிடும்.

கட்டி முடித்ததும் ஒப்பந்தக்காரரை வைத்துக்கொண்டே ஒரு சோதனை செய்யுங்கள். கதவைச் சாத்திவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியைத் துவாரத்தின் விளிம்பில் பிடியுங்கள். புகை வளைந்து கீழே இறங்கினால் சரி. அங்கேயே தயங்கி நின்றாலோ மேலே எழுந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, காற்று நின்ற மாலையில் ஒருமுறை செய்து பாருங்கள். காலையில் தேறிய கழிப்பறை மாலையில் தோற்பதுண்டு.

இதே காற்றுக்குழாய் ஈக்களுக்கும் பொறி. இதைக் காட்டியவர் பீட்டர் மோர்கன். 1970களில், இன்று ஜிம்பாப்வே என்று அழைக்கப்படும் நாட்டில், பிளேர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 2013இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது பெற்றார். அவர் 78 நாட்கள் ஈக்களைப் பிடித்து எண்ணினார். காற்றுக்குழாய் இல்லாத குழிக் கழிப்பறையில் 13,953 ஈக்கள், குழாய் வைத்ததில் 146. வாடை குழாய் வழியாக வெளியேறுவதால் வெளியே இருக்கும் ஈக்கள் குழாயின் உச்சியைத் தேடிப் போகின்றன, அங்கே கம்பிவலை தடுத்துவிடுகிறது. உள்ளே பிறந்தவை வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். அறை இருட்டாக இருந்தால் அவற்றுக்குத் தெரியும் ஒரே வெளிச்சம் குழாயின் உச்சிதான். மேலே போய் வலையில் முட்டி அங்கேயே சாகும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: ஈக்கு அறை இருட்டாக இருக்க வேண்டும், உள்ளே போகிற ஆளுக்கோ வெளிச்சம் வேண்டும். ஆழமான தொட்டியும் வேகமான காற்றோட்டமும் உள்ள இடத்தில் வெளிச்சத்துக்கே முன்னுரிமை கொடுப்பேன். இருட்டான கழிப்பறையில் யாரும் ஒழுங்காகக் குறிபார்த்து உட்கார்வதில்லை.

வலை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உள்ளிருந்து வரும் வாயு சாதாரணக் கம்பியைச் சீக்கிரம் அரித்துவிடும். 300 மி.மீ. குழாயின் வாயைத் திறந்தே போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. மரப்பொந்தில் கூடுகட்டும் ஆந்தைகள் அதைப் பொந்து என்று நினைத்து உள்ளே இறங்கி, ஏற முடியாமல் தொட்டியில் சிக்கிக்கொள்கின்றன. அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள டீட்டன் ராப்டர் சென்டர் என்ற பறவை மையம் இதற்காகவே குழாய் வாயில் மாட்டும் தடுப்பு ஒன்றை வடிவமைத்துப் பல பூங்காக்களுக்குக் கொடுத்திருக்கிறது. காட்டுப் பகுதி என்பதால் இதை மறந்துவிடாதீர்கள்.

இனி வகைகள்.

லாரி வந்து நிற்கும் இடமென்றால் அதிகம் யோசிக்காமல் தொட்டிக் கழிப்பறைக்குப் போய்விடலாம். எல்லாம் ஒரே தொட்டியில் விழும், நிறைந்ததும் கழிவு உறிஞ்சும் லாரி வந்து எடுத்துப் போகும். கணக்கும் எளிது. பூங்காவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சிறுநீர் மட்டுமே கழிக்கிறார்கள். ஒருமுறைக்குச் சராசரியாகக் கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 300 பேரில் 200 பேர் பயன்படுத்தினால் ஒரு விடுமுறை நாளுக்கு 50 லிட்டர். 4,000 லிட்டர் தொட்டியில் மேல் கால்பங்கைக் காலியாக விட்டால் 3,000 லிட்டர், அதாவது 60 விடுமுறை நாட்கள். தொட்டிக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் அதிகம் இருக்கக் கூடாது. உறிஞ்சும் இயந்திரம் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் காற்றழுத்தம் தண்ணீரை ஏற்றக்கூடிய உச்ச உயரம் 10 மீட்டர்தான். கெட்டியான கழிவுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

காலி செய்த பிறகு தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பது வழக்கம், அப்போதுதான் அடுத்த முறை அடியில் ஒட்டாமல் வரும். எனவே ‘ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். லாரி ஓட்டுபவர்களைக் கேட்டால் அவர்களின் உண்மையான எதிரி கழிவு இல்லை, குப்பை என்பார்கள். பாட்டில், குழந்தைகளின் டயப்பர், துணி, நாப்கின் எல்லாம் குழாயில் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொன்றையும் நீண்ட கொக்கியால் எடுக்க வேண்டும். அறைக்குள்ளேயே மூடியுள்ள குப்பைத்தொட்டி வைத்து அதைத் தினமும் காலி செய்தால் பாதித் தொல்லை ஒழியும்.

அடுத்து, மட்கவைக்கும் கழிப்பறை. பேச்சுக்கு அழகாக இருக்கும், நடைமுறையில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். 1939இல் ஸ்வீடனில் ரிகார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் தன் வீட்டுக்காகச் சரிவான தரையுள்ள தொட்டி ஒன்றைக் கட்டினார். மேலே விழுவது மெல்லச் சரிந்து கீழே வருவதற்குள் மட்கிவிட வேண்டும் என்பது கணக்கு. ஒரு வீட்டுக்கு, கவனிக்க ஒரு ஆள் இருந்தால், நன்றாகவே ஓடும். பூங்காவில் நிலைமை வேறு. மட்குவதற்கு ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதமும், கரிமமும் நைட்ரஜனும் 25 முதல் 30க்கு 1 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும். பூங்காக் கழிப்பறையில் விழுவது பெரும்பாலும் சிறுநீர். அதில் கரிமத்தைவிட நைட்ரஜன்தான் அதிகம். எவ்வளவு மரத்தூள் போட்டாலும் ஈடுகட்டாது. குவியல் நனைந்து, அமோனியா ஏறி, மட்கவைக்கும் நுண்ணுயிர்களே அடங்கிவிடும். மலைப்பகுதியில் குளிரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஜெஃப் ஹில் என்ற கனடிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பொது இடங்களில் உள்ள இத்தகைய கழிப்பறைகளைச் சோதித்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுநீரிலிருந்து வரும் அமோனியா நுண்ணுயிர்களின் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு அதிகம், ஆனால் நோய்க்கிருமிகளைக் கொல்லப் போதாது என்பதுதான் அவர்கள் கண்டது. இரண்டு பக்கமும் நஷ்டம். கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் தினமும் இல்லையென்றால் பூங்காவுக்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில நடைபாதைகளில் 1990களின் இறுதியில் இதற்கு ஒரு எளிய மாற்று வந்தது. தரைக்கு மேலே மரச்சட்டத்தில் ஒரு பெட்டி, அதில் இலைச்சருகு, மண்புழு. சிறுநீரை வெளியே காட்டிலேயே கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். கூட்டம் குறைந்த முகாமுக்கு நல்லது. 300 பேருக்குத் தாங்காது.

லாரி ஏறாத இடத்துக்கு நான் பரிந்துரைப்பது பிரித்தெடுக்கும் கழிப்பறை. உட்காரும் கோப்பையில் முன்பக்கம் சிறுநீருக்கு ஒரு கிண்ணம், பின்பக்கம் மலத்துக்குத் துவாரம். இருக்கைக்கு அடியில் சாய்வாக நகரும் பட்டை (கன்வேயர் பெல்ட்) வைத்த வகையும் உண்டு. சிறுநீர் பட்டையின் சரிவில் வழிந்து ஓடிவிடும். மிதியைக் காலால் அழுத்தினால் பட்டை நகர்ந்து, மலத்தையும் காகிதத்தையும் பின்னால் உள்ள அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். யார் எப்படி உட்கார்ந்தாலும் பிரிந்துவிடுவது இதன் பலம். கோப்பையில் பிரிக்கும் வகைக்குச் சரியான இடம் பார்த்து உட்காரும் ஒழுக்கம் தேவைப்படும், முன்பின் தெரியாத கூட்டத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பிரித்தால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 200 பேரில் 40 பேர் மலம் கழித்தால், தலைக்கு 200 கிராம் வீதம் 8 கிலோ. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காற்றோட்டமுள்ள அறையில் காய்ந்தால் 2 கிலோ தங்கும், காகிதத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கலந்து வைத்தால் 50 லிட்டர் நாறும் குழம்பு, பிரித்து வைத்தால் முதுகில் சுமக்கக்கூடிய காய்ந்த பொருள். மேலே இருந்து இறக்கும் செலவுதான் இத்தகைய கழிப்பறையில் பெரும் செலவு. சில மலைகளில் பீப்பாய்களை ஹெலிகாப்டரில் இறக்குகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவின் லாங்ஸ் சிகரப் பாதையில், லாமா என்ற ஒட்டக இன விலங்குகளின் முதுகில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். எடை நான்கில் ஒன்றானால் அந்தச் செலவும் அதே அளவு இறங்கும்.

சிறுநீரைச் சல்லி நிரப்பிய குழியில் விட்டு மண்ணில் இறக்கிவிடலாம். ஓடை, ஊற்று, கிணறு எதற்கும் 30 மீட்டருக்குள் வேண்டாம், ஆழமில்லாத பாறைத் தரையாக இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். குழாய் அகலமாகவும் சரிவாகவும் இருக்கட்டும். சிறுநீர் உப்பு கல்லாகப் படிந்து குறுகிய குழாயை அடைப்பது இந்த வகையின் நிரந்தர நோய்.

இப்போது பலர் தொடவே தொடாத விஷயம்: கழுவுவது. இந்தக் கழிப்பறைகளில் பல, காகிதத்தால் துடைப்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. வருகிறவர்கள் தண்ணீரால் கழுவுகிற பழக்கம் உள்ளவர்கள் என்றால் கணக்கே மாறிவிடும். பாட்டில் தண்ணீரைக் கையோடு கொண்டுபோய்க் கழுவுவார்கள், அறிவிப்புப் பலகை வைத்துத் தடுக்க முடியாது. 200 பேரும் ஆளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் நாளுக்கு 250 லிட்டர், 60 நாள் வரவேண்டிய தொட்டி 12 நாளில் நிறைந்துவிடும். பிரித்தெடுக்கும் கழிப்பறையில் அந்தத் தண்ணீர் காய வேண்டியதைக் காயவிடாது. இதற்குத் தீர்வு உண்டு: கழுவுவதற்கென்று தனிச் சரிவும் தனித் துவாரமும் உள்ள தரைக் கோப்பை. மலத்துக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று, கழுவும் நீருக்கு ஒன்று. கழுவிய நீரில் கிருமி இருக்கும் என்பதால் அதைச் செடி வளர்த்த சல்லிப் படுகைக்குத் தரைக்கடியில் அனுப்ப வேண்டும். பட்டை வகையில் கழுவும் நீரும் சிறுநீரோடு சேர்ந்து வழிந்துவிடும். அங்கே இரண்டுக்கும் அந்தப் படுகையையே பெரிதாகக் கட்டிவிடலாம். கோப்பை வாங்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

காய்ந்துவிட்டால் பாதுகாப்பாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, புதிதாக எதையும் சேர்க்காமல் மூடிவைக்க வேண்டிய காலத்தை வெப்பநிலையை வைத்துச் சொல்கிறது: 20 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல், அதைவிடக் குளிர்ந்த இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். ஆகவே இரண்டு அறைகள் கட்டுங்கள். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். புதுக் கழிவை எந்த மனிதரும் கையால் தொடும் நிலைமை எந்தக் கட்டத்திலும் வரக் கூடாது. வரைபடத்தைப் பார்க்கும்போதே “இந்த இடத்தில் என்ன செய்வார்கள், எதை வைத்து எடுப்பார்கள்?” என்று ஒவ்வொரு படியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த வடிவமைப்பை ஒதுக்கிவிடுங்கள்.

கழிப்பறையே வைக்காமல் இருப்பதும் ஒரு வழி. கலிஃபோர்னியாவின் விட்னி மலையில் பாதையிலும் உச்சியிலும் இருந்த கழிப்பறைகளைப் பராமரிக்க முடியாமல் 2006-07இல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஏறுபவர்கள் கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட பையில் கழித்து, முடிச்சுப் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். எவரெஸ்ட் பகுதியிலும் 2024 முதல் மலையேறிகளுக்கு இதே விதி. அனுமதிச் சீட்டு கொடுத்து ஆள் எண்ணும் இடத்தில் இது நடக்கும். குடும்பத்தோடு வரும் காட்சிமுனையில் பைகள் புதருக்குள் போய்ச் சேரும்.

உங்கள் இடத்துக்கு இப்படிச் செய்வேன். அடிவாரத்தில் இரண்டு தொட்டிக் கழிப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி. ஒன்றைக் காலி செய்யும்போது மற்றது திறந்திருக்கும். பக்கத்தில் ஆண்களுக்குத் தனியாகத் தண்ணீரில்லாச் சிறுநீர்க் கோப்பைகள், தொட்டியில் சேரும் திரவத்தில் நல்ல பங்கு அங்கேயே குறைந்துவிடும். ஏறத் தொடங்கும் முன் எல்லோர் கண்ணிலும் படும்படி “மேலே ஒரே ஒரு கழிப்பறைதான்” என்று எழுதி வையுங்கள். பாதிப் பேர் கீழேயே முடித்துக்கொள்வார்கள், மேலே சுமை குறையும். மேலே பட்டை வைத்த பிரித்தெடுக்கும் கழிப்பறை ஒன்று, இரண்டு அறைகளோடு, வெயில் படும் திறந்த வெளியில். இரண்டு இடத்திலும் கைகழுவ ஏற்பாடு வேண்டும். கூரையில் விழும் மழைநீரைச் சின்னத் தொட்டியில் பிடித்து, விட்டதும் தானே மூடிக்கொள்ளும் குழாய் வைத்தால் போதும். தண்ணீர் தீரும் மாதங்களுக்குக் கைக்கிருமிநாசினி.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் வரும் நான்கைந்து விடுமுறை நாட்களில் ஆட்களை நிறுத்தி எத்தனை பேர் மேலே ஏறுகிறார்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று எண்ணிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிற கூட்டத்துக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்காரும் கூட்டத்துக்கும் தேவைப்படும் அறையின் அளவு ஒன்றல்ல. காலி செய்யும் லாரிக்கும் மேலே போய் எடுப்பவருக்கும் வேண்டிய வருடாந்தரப் பணத்தையும், கட்டுமானச் செலவைக் கேட்கும் அதே விண்ணப்பத்தில் எழுதிக் கேளுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் அது கிடைப்பது கஷ்டம்.